முப்பத்திரண்டு வீட்டுக் கிடை

பயோன் கோட்டை, காஸ்கனி, தென்மேற்குப் பிரான்ஸ்
மெழுகுதிரித் திருநாள், 1295

மார்தோர்ப் பண்ணையின் பிரபு ஈவோ, இங்கிலாந்தில் இருக்கும் தன் தமக்கை அவெலினுக்கு எழுதுவது.

நலம். அங்கும் நலமே என்று நம்புகிறேன். அக்கா, குதிரை செத்துவிட்டது. கப்பலில் போட்ட ஓட்ஸ் பூசணம் பிடித்திருந்தது. கரையில் இறங்கிய மூன்றாம் நாள் வயிறு உப்பிப் படுத்தது, எழவில்லை. அப்பா எனக்காக வாங்கிக் கொடுத்த குதிரை. நான் அழுதேன் என்று யாரிடமும் சொல்லாதே.

படைத் தலைவர் என்னைக் கூப்பிட்டு, "குதிரை இல்லாத பிரபு எனக்கு எதற்கு? வில்லாளிகளோடு போய் நில்லுங்கள்" என்றார். இப்போது நான் மூட்டை சுமக்கும் கழுதைகளுக்குப் பின்னால் நடக்கிறேன். செப்டம்பர் கடைசியில் வரும் மிக்கேல் சம்மனசு திருநாளுக்குள் நல்ல போர்க்குதிரை வரவில்லையென்றால் என் கொடியை இறக்கிவிடுவார்கள். கொடி இறங்கினால் நம் குடும்பப் பெயரும் இறங்கியதுதான்.

ஆகவே என் கட்டளை இது. நம் ஊர்ப் பண்ணையாட்கள் வருடா வருடம் வந்து, "எங்கள் ஆட்டை ராத்திரியில் எங்கள் நிலத்திலேயே எருவுக்குப் படுக்க வைத்துக் கிடை போட்டுக்கொள்கிறோம், அந்த உரிமையை விலைக்குத் தாருங்கள்" என்று கெஞ்சுவார்களே? இருபது மார்க் வெள்ளி தருவதாகப் போன அறுவடையில்கூட மணியக்காரன் தர்ஸ்டன் என்னிடம் சொன்னான். விற்றுவிடு. சாசனம் எழுதி, என் முத்திரையைப் போட்டுக் கொடுத்துவிட்டு, வெள்ளியை லின் துறைமுகத்திலிருந்து கம்பளி வியாபாரியின் கப்பலில் அனுப்பு. ஆட்டுப் புழுக்கைக்கு இருபது மார்க் தருகிறவன் இருக்கும்போது யோசிக்க என்ன இருக்கிறது?

அவசரம்.

ஈவோ, மார்தோர்ப் பிரபு

*

மார்தோர்ப்
மங்கள வார்த்தைத் திருநாள், 1295

அன்புத் தம்பி ஈவோவுக்கு, அக்கா எழுதறது.

குதிரை போனது எனக்கும் வருத்தம்தான். நல்ல ஜீவன். யார்கிட்டயும் சொல்லல, போதுமா?

கிடையை விக்க மாட்டேன்.

கோபப்படாம மேல படி. உனக்குப் புழுக்கை வாசனையே ஆகாது, சின்ன வயசுலேயே மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடுவ. அதனால நம்ம சொத்து எங்கேர்ந்து வருதுன்னு உனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியல. அரைவை ஆலை இருக்கு, ஊர்ல யார் வீட்டுலயும் திருகை வச்சுக்கக் கூடாது, நம்ம ஆலையிலதான் அரைக்கணும், பதினாறுல ஒரு பங்கு மாவு நமக்கு. சரி. புறா மாடம் இருக்கு, நம்ம புறா அவங்க வயல்ல மேயும், அவங்க கல் எறியக் கூடாது. அதுவும் சரி. ஒருத்தன் செத்தா அவன் வீட்டு நல்ல மாடு நமக்கு, பொண்ணுக்குக் கல்யாணம்னா அதுக்கும் ஒரு காசு நமக்கு. இதெல்லாம் மேல தூவற உப்பு மாதிரிடா. சோறு எது தெரியுமா? கிடை.

இந்த ஊரு மண்ணு வெறும் மணல். கையில அள்ளினா விரல் இடுக்குல ஒழுகிப் போகும். அதுல பார்லி விளையுதுன்னா, முப்பத்திரண்டு வீட்டு ஆடும் பொழுது சாய்ஞ்சா நம்ம தட்டி வேலிக்குள்ள வந்து நம்ம வயல்ல படுக்குது, அதனால விளையுது. ஆடு அவங்களோடது. தீனி அவங்களோடது. மேய்க்கறது அவங்க. எரு மட்டும் நமக்கு. அவங்க வயலைப் போய்ப் பாரு, கதிர் என் சுண்டு விரல் நீளம்கூட இருக்காது. அந்தக் கிடையை அவங்களுக்குக் குடுத்துட்டா, மூணே வருஷத்துல நம்ம வயல் அவங்க வயல் மாதிரி ஆயிடும். இருபது மார்க் ஒரு குதிரையோட போயிடும். குதிரை பூசணம் புடிச்ச ஓட்ஸோட போயிடும்.

அப்போ வெள்ளியைப் பிடுங்கிக்கலாமேன்னு கேப்ப. பண்ணையாள் வச்சிருக்கறதெல்லாம் சட்டப்படி பிரபுவோடதுதான். ஆனா எங்க புதைச்சிருக்காங்கன்னு அவங்களுக்குத்தான் தெரியும். கை வச்சோம்னா ஆட்டை ஓட்டிக்கிட்டுப் பக்கத்துப் பண்ணைக்கு ஓடிப் போயிடுவாங்க.

இப்ப என் விஷயத்தைச் சொல்லிடறேன். அப்பாவுக்குக் கண்ணு மங்கின நாள்லேர்ந்து பதினோரு வருஷமா இந்தப் பண்ணையை நான்தான் பார்க்கறேன். வடக்கு மேடு உனக்கு ஞாபகம் இருக்கா? வெறும் முள்ளு, முயல் பொந்து. கிடையை நகர்த்தி நகர்த்தி, ஒவ்வொரு கட்டமா அதை நான் கொண்டு வந்தேன். மழையில தட்டி சுமந்திருக்கேன். போன வருஷம் ஊர்லேயே நல்ல பார்லி அங்கதான். "வடக்கு மேடு உனக்குத்தாம்மா" அப்படின்னு அப்பா என் கையைப் புடிச்சுச் சொன்னார். எழுதி வைக்கறதுக்குள்ள போயிட்டார். எனக்கு நாப்பத்தொரு வயசாச்சு ஈவோ. என் பேர்ல ஒரு முழம் மண்ணு கிடையாது.

வடக்கு மேட்டை என் பேருக்கு எழுதிக் குடு. அடுத்த வாரமே அந்தப் பார்லியைக் காட்டிக் கடன் வாங்கி நானே குதிரை அனுப்பறேன். உன் முத்திரை என் இடுப்புச் சாவிக்கொத்துல பத்திரமா தொங்குது. கிடை சாசனத்து மேல மட்டும் அது படாது.

அவெலின்

*

பயோன் கோட்டை
மாற்கு திருநாள், 1295

மார்தோர்ப் பண்ணையின் பிரபு ஈவோ எழுதுவது.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை. நான் கட்டளை அனுப்பினால் நீ எனக்கு உழவு சொல்லித் தருகிறாய். பண்ணை யாருடையது அக்கா? முத்திரையைப் பாதுகாக்கத்தான் கொடுத்தேன், எனக்கே மறுக்க அல்ல.

வடக்கு மேடு என்னுடைய மேடு. அப்பா சாகும் நேரத்தில் யாரிடம் என்ன சொன்னார் என்பதற்கெல்லாம் சாட்சி கிடையாது. எனக்கு இங்கே ஒரு சம்பந்தம் பேசியிருக்கிறார்கள். போர்தோவில் திராட்சைத் தோட்டங்கள் வைத்திருக்கும் பிரபுவின் மகள், நல்ல பெண். நான் திரும்பும்போது அவளும் வருவாள், சாவிக்கொத்து அவள் இடுப்புக்குப் போகும். நார்விச் பக்கம் ஒரு கன்னியர் மடத்தில் உனக்கு இடம் கேட்டு எழுதியிருக்கிறேன். அமைதியாக ஜெபம் செய்துகொண்டு இருக்கலாம். மழையில் தட்டி சுமக்க வேண்டியதில்லை. உன் நல்லதுக்குத்தான்.

அடுத்தது. இங்கே ஒரு பொற்கொல்லனிடம் புது முத்திரை செய்துவிட்டேன். சிங்கம் பொறித்தது. பழைய முத்திரை இனிச் செல்லாது, அதை நீயே கழுத்தில் மாட்டிக்கொள். படை எழுத்தருக்கு நாலு கோப்பை ஒயின் வாங்கிக் கொடுத்து, சாசனமும் எழுதி முத்திரையிட்டு இதோடு அனுப்பியிருக்கிறேன். இருபது மார்க்குக்கு, முப்பத்திரண்டு குடும்பத் தலைவர்களுக்கும் அவர்கள் வாரிசுகளுக்கும் என்றென்றைக்குமாகக் கிடை உரிமையை விற்றாயிற்று. பெயர்களெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? நம்மூர் வில்லாளி ஹாக்கனைக் கூப்பிட்டேன். ஒரு பெயர் விடாமல், தகப்பன் பெயரோடு, மூச்சு விடாமல் சொன்னான். அவனுக்கு இவ்வளவு ஞாபக சக்தி இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோவில் வாசலில் பாதிரியார் ரெய்னர் இதை எல்லோர் காதிலும் விழும்படி படிக்க வேண்டும். அப்போதுதான் செல்லும். படித்ததும் வெள்ளியை வாங்கி அனுப்பு. இது உன் பிரபுவின் கட்டளை.

ஈவோ

*

மார்தோர்ப்
பெந்தெகொஸ்தே திருநாளுக்கு முந்தின நாள், 1295

ஈவோ,

உன் சிங்கம் வந்து சேர்ந்துச்சு. பூனைக்கு ஜலதோஷம் புடிச்ச மாதிரி இருக்கு.

மடத்தைப் பத்தி அப்புறம் பேசறேன். அந்த வரியைப் படிச்சுட்டு தானியக் கிடங்குல போய்க் கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்திருந்தேன். எவ்வளவு நேரம்னு தெரியல. பதினோரு வருஷம்டா. "உன் நல்லதுக்குத்தான்"னு எழுத உனக்கு எப்படிக் கை வந்துச்சு?

சரி. இப்ப நான் சொல்றதை நின்னு படிக்காத, உக்காந்து படி. விழுந்துடுவ.

சாசனம் லத்தீன்ல இருந்துச்சு. எனக்குப் பாதிதான் புரிஞ்சுது. பாதிரியார் ரெய்னரை வரச்சொன்னேன். விலாங்கு மீன் பணியாரம் சாப்பிட்டுக்கிட்டே ஜாலியா படிச்சுக்கிட்டு வந்தார். பாதியில வாய் மெல்லறதை நிறுத்திட்டார். மறுபடியும் முதல்லேர்ந்து படிச்சார். "அம்மா, இதை எழுதினவன் குடிச்சிருந்தானா?"ன்னு கேட்டார். நாலு கோப்பைன்னேன்.

அவர் நார்விச்சுல ஒரு வருஷம் சட்டம் படிச்சவர். அவர் சொன்னதை அப்படியே சொல்றேன். "பண்ணையாள் வச்சிருக்கற வெள்ளி பிரபுவோட வெள்ளி. பண்ணையாளோட ஆடு பிரபுவோட ஆடு. அப்போ பிரபு பண்ணையாள்கிட்ட ஒரு பொருளை விக்க முடியுமா? தன் பணத்தை வாங்கிக்கிட்டு, தன் பொருளைத் தனக்கே வித்துக்கற மாதிரி இல்ல ஆயிடும்? சுதந்திர மனுஷன்தான் வாங்க முடியும். அதனால ஒரு பிரபு தன் பண்ணையாளோட பேர் போட்டு, வாரிசு போட்டு, விலை பேசி, முத்திரை வச்சு ஒப்பந்தம் போட்டுட்டான்னா, நீ இனிமே பண்ணையாள் இல்ல, நீயும் என்னை மாதிரி சுதந்திர மனுஷன்தான்னு அவனே ஒத்துக்கிட்டான்னு அர்த்தம். ராஜா கோர்ட்டுல இது நிக்கும்."

புரியுதா தம்பி? நீ கிடையை விக்கல. முப்பத்திரண்டு குடும்பத்தையும் மொத்தமா விடுதலை பண்ணிட்ட. இது கோவில் வாசல்ல படிக்கப்பட்ட நிமிஷம், வாரத்துல மூணு நாள் நம்ம வயல்ல சும்மா உழுவறது போச்சு. ஆலை மாவு போச்சு. சாவு மாடு போச்சு. கல்யாணக் காசு போச்சு. பிடிக்கலன்னா அவங்க மூட்டையைக் கட்டிக்கிட்டு, ஆட்டை ஓட்டிக்கிட்டு, நம்ம முகத்துக்கு நேராவே போகலாம். நம்மகிட்ட மிச்சம் இருக்கப் போறது மணல். அப்பாவும் தாத்தாவும் எப்பவாவது பண்ணையாளுக்கு ஒரு துண்டு எழுதிக் குடுத்திருக்காங்களா? எல்லாத்தையும் வாயாலதானே பேசினாங்க? ஏன்னு ஒரு நாளாவது யோசிச்சியா?

ஹாக்கனுக்கு ஞாபக சக்தியாம்! முப்பத்திரண்டு பேர்ல எட்டாவது பேர் அவன் அப்பன் பேரு. மூச்சு விடுவானா?

இப்ப நிலைமை இதுதான். சாசனம் என்கிட்ட இருக்கு. பாதிரியார் பைபிள் மேல சத்தியம் பண்ணியிருக்கார், வெளியில சொல்ல மாட்டார். ஊருக்குத் தெரியாது. நான் நினைச்சா இன்னைக்கே அடுப்புல போடலாம். நேத்து அடுப்பு வரைக்கும் கொண்டும் போனேன். அப்போ ஒண்ணு தோணுச்சு. பண்ணையாள் வச்சிருக்கறதெல்லாம் பிரபுவோடது. நான் வச்சிருக்கறதும் பிரபுவோடது. அவங்க வேலை பார்த்தா பலன் உனக்கு. நான் வேலை பார்த்தா பலன் உனக்கு. அவங்களையும் வேண்டாம்னா விரட்டலாம், என்னையும் மடத்துக்கு விரட்டலாம். அவங்களுக்கும் எனக்கும் என்னடா வித்தியாசம்? அவங்களுக்காவது சொந்த ஆடு இருக்கு.

அதனால எரிக்கல. மாவுத் தொட்டிக்கு அடியில வச்சிருக்கேன்.

வடக்கு மேட்டை என் பேருக்கு எழுதி, அந்தப் பூனை முத்திரையை வச்சு அனுப்பு. அது வந்த அன்னைக்கு உன் ஆள் கண்ணு முன்னாடியே அந்தக் கிடை சாசனத்தை எரிக்கறேன். குதிரையும் வாங்கி அனுப்பறேன். ஆகஸ்டு முதல் நாள், புது மாவு அப்பத் திருநாள் வரைக்கும் காத்திருப்பேன். அன்னைக்கும் வரலைன்னா நீ கட்டளை போட்டபடியே கோவில் வாசல்ல படிக்கச் சொல்லிடுவேன். இதுவரைக்கும் நான் சும்மா மிரட்டினது உண்டான்னு யோசிச்சுப் பாரு.

அவெலின்

*

பயோன்
ஸ்நாபக அருளப்பர் திருநாள், 1295

அக்கா! அக்கா!

எரித்துவிடு. இந்த வரியைப் படித்ததும் எழுந்து போய் எரித்துவிட்டு வந்து மீதியைப் படி. அவசரத்துல எழுதறேன், எழுத்து கோணலா இருந்தா மன்னிச்சுக்க.

அந்த எழுத்தனைத் தேடிப் போனேன். அவன் வேற படையோட போயிட்டானாம். ஹாக்கனைக் கூப்பிட்டு, "ஏண்டா, உனக்கு இது தெரியுமா?"ன்னு கேட்டேன். "எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்களே பிரபு, நீங்க பேரு கேட்டீங்க, சொன்னேன்"னு பல்லைக் காட்டறான். அவனை அடிக்கவும் முடியல, இங்க என்கூட இருக்கற நம்மூர் ஆளு அவன் ஒருத்தன்தான்.

நான் கோபத்துல எழுதினதை மறந்துடு. மடத்தைப் பத்தி இன்னும் முடிவு ஆகல. நீ ஊர்லேயே இருக்கலாம், சாவி ரெண்டு கொத்தா பண்ணிக்கலாம். ஆனா சாசனம் மட்டும் கேக்காதே. கூடப் பிறந்தவங்களுக்குள்ள எழுத்து என்ன அக்கா? வெளியில தெரிஞ்சா என் மாமனார் ஆகப் போறவர் என்ன நினைப்பார்? இருக்கற நிலத்துல பாதியை அக்காவுக்குக் குடுத்துட்டான்னு பேசுவாங்க. என் மேட்டுல நீ விளைச்சுக்க, யாரு வேண்டாம்னா? என் மனசுல உனக்கு எப்பவும் இடம் இருக்கு. அது போதாதா? முதல்ல எரி. நான் வந்ததும் உக்காந்து பேசிக்கலாம். அப்பா சத்தியமா சொல்றேன்.

நீ அப்படிப் படிக்கவிட மாட்டன்னு எனக்குத் தெரியும். பதினோரு வருஷம் பார்த்துப் பார்த்துக் கட்டினதை உன் கையாலேயே யாராவது இடிப்பாங்களா?

உனக்குப் பிடிக்குமேன்னு ஒரு பெட்டி உலர்ந்த அத்திப்பழம் அனுப்பியிருக்கேன்.

ஈவோ

*

மார்தோர்ப்
பர்த்தலோமே திருநாள், 1295

தம்பி,

அத்திப்பழம் வந்துச்சு. சாசனம் வரல. பெட்டியைக் கவுத்துக் கொட்டிக்கூடப் பார்த்தேன், எங்கேயாவது அடியில வச்சிருப்பியோன்னு. இல்ல. உன் மனசுல எனக்கு இடம் இருக்குன்னு எழுதியிருந்த. அங்க பார்லி விளையாது.

ஆகஸ்டு முதல் நாள் பூசை முடிஞ்சு, பாதிரியார் கோவில் வாசல்ல நின்னு படிச்சார். நான் பக்கத்துல நின்னேன். பயமா இருந்துச்சு ஈவோ, பொய் சொல்ல மாட்டேன். அவர் லத்தீன்ல ஒரு தடவை, நம்ம பேச்சுல ஒரு தடவை படிச்சார். அப்புறம் அதுக்கு அர்த்தம் என்னன்னும் சொன்னார். சொல்லச் சொன்னது நான்தான்.

தர்ஸ்டன் குல்லாவைக் கையில வச்சுத் திருகிக்கிட்டே, "அம்மா, இது பரீட்சையா? யாராவது சந்தோஷப்பட்டா அபராதம் போடப் போறீங்களா?"ன்னு கேட்டான். இல்லடா, நிஜம்தான்னேன். அப்பவும் யாரும் நம்பல. கடைசியில விதவை கன்னில்ட் முன்னாடி வந்தா. நாப்பது ஆடு வச்சிருக்காளே, அவதான். என் முகத்துக்கு நேரா நின்னு கேட்டா: "எம் புருஷன் செத்த அன்னைக்கு எங்க வீட்டுக்கு முதல்ல வந்தது யாரு? பாதிரியாரா, நீங்களா?"

"நான்தான்"னேன். பொணத்தை எடுக்கறதுக்கு முன்னாடி அவ செவலைப் பசுவை ஓட்டிக்கிட்டு வந்தவ நான்தான். வழக்கம் அது. நானும் அதுல ஒண்ணும் தப்பு இருக்கறதா அன்னைக்கு நினைக்கல.

"இனிமே வர மாட்டீங்களே?"

"வந்தா துக்கம் கேக்க மட்டும்தான் வர முடியும்"னேன்.

அவ பல்லைக் கடிச்சுக்கிட்டு அழுதா. அப்புறம்தான் மத்தவங்க நம்பினாங்க. சாயங்காலத்துக்குள்ள இருபது மார்க்கும் வந்துச்சு, எல்லாம் மண்ணு ஒட்டின வெள்ளி. அன்னைக்குப் பொழுது சாய்ஞ்சப்போ நம்ம தட்டிக்குள்ள ஒரு ஆடு வரல. காலியா இருந்த தட்டியைப் பார்த்துக்கிட்டு நின்னேன். என் கையாலேயே இடிச்சுட்டேனேன்னு தோணுச்சு. நீ கேட்டிருந்தியே, யாராவது இடிப்பாங்களான்னு. இடிச்சேன்.

அடுத்த நாள் காலையில இன்னொரு வழி இருக்கான்னு பார்க்கக் கன்னில்ட் வீட்டுக்குப் போனேன். பிரபு வீட்டுப் பொம்பளை பண்ணையாள் வீட்டு வாசல்ல போய் நிக்கறது இந்த ஊர்ல யாரும் பார்த்ததில்ல. அவ அடை காக்கற கோழியைப் பார்த்துக்கிட்டு இருந்தா, எழுந்திருக்கல. "கிடை வேணும். வயல் அறுவடை ஆனதும் பத்து ராத்திரி. பதிலுக்கு என்ன வேணும்?"னு கேட்டேன்.

"செவலைப் பசு வேணும்"னா.

"தர்றேன்."

"அதுக்கு அங்க பொறந்த கன்னும்."

"அந்தக் கன்னு எங்க தீவனம் தின்னு வளர்ந்தது!"

"பசு எங்க தீவனம் தின்னு வளர்ந்ததும்மா. அன்னைக்கு நீங்க கணக்குப் பார்த்தீங்களா?"

கன்னையும் குடுத்தேன். ஆனா கிடை வரல. ஏன்னு கேளு. ஒரே வாரத்துல முப்பத்திரண்டு வீட்டுக்குள்ளயும் சண்டை. யார் நிலத்துல முதல்ல கிடை போடறதுன்னு! தர்ஸ்டன் தன் வயல்லேர்ந்து ஆரம்பிக்கலாம்னான். அவன் மூக்குல குத்து விழுந்துச்சு. ஓஸ்பெர்ட்டு ராத்திரியோட தட்டியைத் தன் வயலுக்கு நகர்த்திட்டான். ரெண்டு பேர் ஆட்டைப் பிரிச்சுத் தனியா ஓட்டிட்டாங்க. பத்து ஆடு படுத்தா என்ன எரு வரும்? ஆயிரம் ஆடு சேர்ந்து படுத்தாத்தான் அது கிடை. எந்த மண்ணு எத்தனை ராத்திரி தாங்கும், எந்த வயலுக்கு ஈரத்துல போடக் கூடாது, இதெல்லாம் அவங்கள்ல யாருக்கும் முழுசா தெரியாது. இத்தனை வருஷம் அவங்க வயல்ல கிடையே படுத்ததில்லையே.

எல்லாரும் கோவில்ல கூடினாங்க. கன்னில்ட் எழுந்து பேசினதைப் பாதிரியார் வந்து சொன்னார். "நம்மள்ல யாரு முறை போட்டாலும் அவன் வயல் பக்கம்தான் சாய்வான். அந்த அவெலினம்மாவைப் போடச் சொல்லுங்க. இந்த ஊர்ல ஒரு முழம் நிலம்கூட இல்லாத ஒரே ஆளு அந்தம்மாதான். ஓரவஞ்சனை பண்றதுக்கு அவங்களுக்கு வயல் எங்க இருக்கு?"

சிரிக்கறதா அழறதான்னு தெரியல எனக்கு. ஆனா போய் ஒத்துக்கிட்டேன். கூலியும் பேசிட்டேன். பத்து ராத்திரிக்கு ஒரு ராத்திரி கிடை என்னுது. நான் காட்டற இடத்துல ஆயிரம் ஆடும் படுக்கும். பாதிரியார் எழுதினார், முப்பத்திரண்டு பேரும் ரேகை வச்சாங்க, கோவில் பெட்டியில இருக்கு. என் பேர் போட்ட முதல் எழுத்து, ஈவோ. உன்கிட்டேர்ந்து வரும்னு நினைச்சேன். அவங்ககிட்டேர்ந்து வந்துச்சு.

உன் பார்லியை அறுத்தாச்சு. சும்மா இல்ல, பத்துக் கட்டுக்கு ஒரு கட்டு கூலி. இனிமே அப்படித்தான். ஆலையில அரைக்க அவங்களே வர்றாங்க, நம்ம கல்லு நல்ல கல்லு, ஆனா இருபதுல ஒரு பங்குதான் தருவாங்களாம். ஒத்துக்கிட்டேன். நீ நினைக்கற அளவு ஏழையாகல, பயப்படாதே. ஆனா ஒண்ணு, எரு இல்லாம அடுத்த வருஷமும் இதே விளையும்னு நினைக்காதே. வடக்கு மேட்டுல முள்ளு முளைக்கறதுக்கு ரெண்டு வருஷம் போதும். முயல் அதுக்கு முன்னாடியே வந்துடும்.

நான் மடத்துக்குப் போகல. ஆலைக்குப் பின்னாடி ரெண்டு அறை காலியா இருக்கு, அங்க இருக்கேன். சாவிக்கொத்தைப் பாதிரியார்கிட்ட குடுத்துட்டேன். உன் வீட்டுக்காரி வந்து வாங்கிக்கட்டும்.

எனக்கு மாசத்துக்கு மூணு ராத்திரி கிடை இருக்கு, படுக்க வைக்க நிலம் இல்ல. உனக்கு நிலம் இருக்கு, கிடை இல்ல. நான் கெஞ்ச மாட்டேன். இப்போதைக்கு என் மூணு ராத்திரியையும் கன்னில்டுக்கே வித்துட்டேன்.

குதிரை லின் துறைமுகத்துலேர்ந்து கிளம்பிடுச்சு. கறுப்பு, அஞ்சு வயசு, நல்ல எலும்பு. அவங்க குடுத்த வெள்ளியில பதினேழு மார்க் குதிரைக்கு, மூணு மார்க் அதோட ஓட்ஸுக்கு. ஓட்ஸை நானே முகர்ந்து பார்த்து மூட்டை கட்டினேன். உன் கட்டளை ஒண்ணையும் விடாம நிறைவேத்திட்டேன் பாரு. இந்தக் குதிரை லத்தி நல்லா போடும். பத்திரமா சேர்த்து வச்சுக்க. உனக்கு இனிமே சும்மா கிடைக்கப் போற எரு அது ஒண்ணுதான்.

அவெலின்

*

பயோன்
மிக்கேல் சம்மனசு திருநாள், 1295

அக்கா,

குதிரை வந்துடுச்சு. இன்னைக்குக் காலையிலதான் கொடி ஏத்தினாங்க. நல்ல குதிரை. ஓட்ஸும் நல்லா இருக்கு.

உன் கடிதமும் வந்துச்சு. ஹாக்கன் ஊருக்குக் கிளம்பறான். போகலாமான்னு என்கிட்ட கேக்கல, போறேன்னு சொன்னான். நல்லா சண்டை போடறவன், வருத்தமா இருக்கு. அவன் கையிலதான் இதைக் குடுத்தனுப்பறேன். போர்தோ சம்பந்தம் முறிஞ்சு போச்சு. பண்ணையாள் இல்லாத பிரபுவுக்குப் பொண்ணு குடுக்க அவளோட அப்பாவுக்கு மனசில்லையாம். அதனால சாவியை நீயே வாங்கி வச்சுக்க. ஆலைக்குப் பின்னாடி ஈரம், உனக்கு இருமல் வரும். வீட்டுக்கு வந்துடு.

இதோட ஒரு தோல் சுருள் இருக்கு. குடிக்காத எழுத்தரா பார்த்து எழுதச் சொன்னேன். நான் பக்கத்துலேயே நின்னேன். வடக்கு மேடு, ஓடைக்கரை வரைக்கும், அவெலினுக்கும் அவள் யாருக்குக் குடுக்கணும்னு நினைக்கறாளோ அவங்களுக்கும். சிங்கம் கொஞ்சம் நல்லா விழுந்திருக்கு இந்தத் தடவை. பாதிரியாரை விட்டுக் கோவில் வாசல்ல படிக்கச் சொல்லு. அப்போதான் செல்லும்.

தெற்கு வயலுக்குக் குளிர் காலத்துல கொஞ்சம் கிடை வேணும். என்ன கேக்கறாங்கன்னு கன்னில்ட்கிட்ட கேட்டு எழுது. ஈவோ கேட்டான்னு சொல்லு, கட்டளைன்னு சொல்லிடாதே.

அவசரம் இல்ல. முதல்ல உன் மேட்டுல படுக்கட்டும்.

ஈவோ